ஊளை போடத் தெரியாத வக்கீல்

ஒரு காட்டில் வக்கீல்கள் அத்தனை பேரும் நரிகளாகவே இருந்தார்கள். மற்றக் காடுகளில் எப்படியோ, எனக்குத் தெரியாது. இந்தக் காட்டில் அப்படித்தான்.

காட்டின் நடுவே ஒரு பெரிய பாறை. அதன் மேல் சட்டப் பள்ளி. அதில் சேர வேண்டுமானால் பாறையின் அடியில் நின்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். எதிர்மலை அதைத் திருப்பிச் சொன்னால் இடம் உண்டு. சொல்லாவிட்டால் வந்த வழியே போக வேண்டியதுதான்.

"வக்கீல் என்றால் தொண்டை வேண்டாமா?" என்பார் பள்ளியின் முதல்வர் ஊளைநாதர். அவரும் நரிதான். ஆனால் அவரை 'அது' என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். பதவியில் இருக்கிறார் அல்லவா? நாமும் 'அவர்' என்றே சொல்லி வைப்போம். நமக்கெதற்கு வம்பு?

அந்தக் காட்டில் ஓர் அழுங்கு இருந்தது. எறும்புத்தின்னி என்றால் உங்களுக்குப் புரியும். உடம்பெல்லாம் செதில். ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். குரல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அதற்கு ஒரு குட்டி. அம்மாவின் வாலில் தொற்றிக்கொண்டு சவாரி போவதுதான் குட்டியின் முழுநேர வேலை.

ஒருநாள் அழுங்கு எறும்பு தேடிவிட்டுத் திரும்பியது. வந்து பார்த்தால், அது தோண்டிய வளைக்குள் ஊளைநாதர் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

"ஐயா, இது என் வளை."

"யார் சொன்னது? இது நான் தோண்டியது. சந்தேகம் இருந்தால் வழக்குப் போடு" என்று சொல்லிவிட்டு அவர் புரண்டு படுத்தார்.

வழக்குப் போடலாம்தான். ஆனால் சட்டப் பள்ளிக்காரர்களைத் தவிர வேறு யாரும் மன்றத்தில் வாய் திறக்கக் கூடாது என்பது அந்தக் காட்டின் விதி. அழுங்கு ஒவ்வொரு நரியாகப் போய்க் கெஞ்சியது. ஒரு நரிக்குத் தலைவலி. இன்னொரு நரிக்கு மாமியார் வீட்டில் விசேஷம். கடைசியாகப் பார்த்த நரி மட்டும் உள்ளதைச் சொல்லிவிட்டது: "அவர் எங்கள் வாத்தியார், அம்மா. அவரை எதிர்த்துப் பேசிவிட்டு நான் இந்தக் காட்டில் குடித்தனம் பண்ண முடியுமா?"

அப்போது ஆடி மாதம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அழுங்கும் குட்டியும் ஒரு புதரடியில் ஒடுங்கிக் கிடந்தன. குட்டிக்கு இருமல் வந்துவிட்டது. ஆடிச் சாரலுக்கே இப்படி என்றால் ஐப்பசி அடைமழை வந்தால் என்ன ஆகும்? அதற்குள் வளை கிடைக்காவிட்டால் குட்டி பிழைக்காது. இதை நினைத்து நினைத்து அழுங்குக்கு எறும்புகூடத் தொண்டையில் இறங்கவில்லை.

"எனக்காகப் பேச ஆள் இல்லை. நானே வக்கீலாகிவிடுகிறேன்" என்று அது பாறைக்கு நடந்தது.

அடியில் நின்றது. மூச்சை இழுத்துப் பிடித்தது. வாயைத் திறந்தது.

"ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வந்தது. எதிர்மலை ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துப் புல்லில் இருந்த வெட்டுக்கிளிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊளைநாதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மலைக்கே கேட்கவில்லையே. நீதிபதிக்கு எப்படியம்மா கேட்கும்?"

"நீதிபதிக்கு இப்போது மட்டும் கேட்கிறது என்று யார் சொன்னது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நீதிபதி யானை நின்றுகொண்டிருந்தது. இதை 'அது' என்றே சொல்லலாம். யானைக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது.

"விடிந்தால் ஊளை, அடைந்தால் ஊளை. இவ்வளவு பெரிய காதை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியத்தை முழுசாகக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று, தெரியுமா? கடைசியாக யார் கத்துகிறார்களோ அவர்களுக்குத் தீர்ப்பைச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விடுகிறேன். இது ஒரு பிழைப்பா?" என்று யானை பெருமூச்சு விட்டது. "ஊளைநாதரே, தொண்டை இல்லாதவர்களுக்கும் ஒரு வழி வையும். ஓர் ஆயத்த வகுப்பு. ஆடியில் தொடங்கிப் புரட்டாசி வரைக்கும். அதற்கு ஒருநாள் தவறாமல் வருகிறவர்களுக்குச் சட்டப் பள்ளியில் இடம் கொடும். அவர்களிடம் ஊளை கேட்காதீர்."

"அப்படியே ஆகட்டும்" என்று ஊளைநாதர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். நரி அவ்வளவு சீக்கிரம் சம்மதித்தால் சந்தேகப்பட வேண்டும். யானை பாவம், சந்தேகப்படவில்லை.

வகுப்பு எங்கே வைத்தார் தெரியுமா? பாறைக்குப் பின்னால், மன்றத்துக் குப்பையைக் கொட்டும் பள்ளத்தில். கூரை கிடையாது. வாத்தியார் யார் தெரியுமா? மயில். பெயர் தோகைச்சாமி. வானத்தில் கைக்குட்டை அளவு மேகம் தெரிந்தால்கூட ஆடப் போய்விடுகிற ஆசாமி. மழைக்காலத்தில் மயிலை வாத்தியாராகப் போட்டால் பாடம் நடக்குமா? நடக்காது என்று தெரிந்துதான் போட்டார்.

"நாலு நாள் நனைந்தால் தானாகக் கலைந்து போவார்கள்" என்று ஊளைநாதர் தம் சீடர்களிடம் சொன்னார்.

அழுங்கோடு சேர்ந்தவை ஓர் ஆமையும் ஒரு முயலும்தான். ஆமை எதையும் மெதுவாகச் செய்யும். முயலுக்கு எதைக் கண்டாலும் பயம்.

தோகைச்சாமி வந்தார், கழுத்தை நிமிர்த்தினார். "முதல் பாடம். மன்றத்தில் நிற்கும்போது பார்வையாளர்கள் நம்மைப் பார்த்து..." என்று தொடங்கியவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். "இதோ வந்துவிட்டேன்" என்று போனார். அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் அதே கதை. அந்த வகுப்புக்கு ஒழுங்காக வராதவர் வாத்தியார் ஒருவர்தான்.

"வீட்டுக்குப் போய்விடலாமே. நனைகிறது. பயமாகவும் இருக்கிறது" என்றது முயல்.

"போனால் இடமும் போய்விடும். பேசாமல் உட்கார்" என்றது அழுங்கு.

சும்மா உட்கார்ந்து என்ன செய்வது? தலைக்கு மேலே, அதே பாறையில்தான் மன்றமும் கூடும். அங்கே நடப்பதெல்லாம் பள்ளத்துக்குள் விழுந்தது. மூன்றும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டன. கேட்டதைத் தங்களுக்குள் மெதுவாகப் பேசிப் பார்த்தன.

"தேனடை தன்னுடையது என்கிறதே கரடி, அதை யாராவது பார்த்தார்களா?" என்று முயல் கேட்கும். பயந்த பிராணி எதையும் லேசில் நம்பாது.

"அவசரப்படாதே. முதலில் நடந்தது என்ன? அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்" என்று ஆமை சொல்லும்.

"எனக்குத் தெரியவில்லை. நாளைக்கும் கேட்டுப் பார்ப்போம்" என்று அழுங்கு சொல்லும். யாரும் சிரிக்கமாட்டார்கள். மற்ற இரண்டுக்கும் தெரியாதே.

ஆவணியில் ஒருநாள் குட்டிக்கு உடம்பு கொதித்தது. வாலைப் பிடித்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லை. அழுங்கு அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கொட்டும் மழையில் வகுப்புக்கு வந்து சேர்ந்தது.

"இன்றைக்கு ஒருநாள் வராவிட்டால்தான் என்ன?" என்று முயல் கேட்டது.

"ஒருநாள் தவறாமல் என்று யானை சொன்னதே. நான் தவறினால் இவனுக்கு வளை இல்லை" என்றது அழுங்கு. சொல்லும்போதே அதற்கு அழுகை வந்துவிட்டது.

ஆமை மெதுவாக நகர்ந்து வந்து, குட்டியின் பக்கம் மழைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டது. அன்று முழுவதும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நகராமல் இருப்பது ஆமைக்குப் பெரிய கஷ்டமில்லை என்று நீங்கள் சொல்லலாம். இருந்தாலும் செய்தது அதுதானே?

புரட்டாசி முடிந்தது. மூவருக்கும் சட்டப் பள்ளியில் இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஊளைநாதருக்கு வயிறு எரிந்தது. "குறுக்கு வழியில் வந்ததுகள்" என்று காடெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அது அழுங்கின் காதுக்கும் எட்டியது. நேரே போய் அவரிடமே கேட்டது: "ஐயா, நீங்கள் ஒரே ஓர் ஊளையில் உள்ளே வந்தீர்கள். நாங்கள் மூன்று மாதம் நனைந்து வந்தோம். இதில் எது குறுக்கு வழி?"

ஊளைநாதர் அவசர வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டே நடையைக் கட்டினார்.

அந்தப் பள்ளியில் சேர்ந்த அன்றே மன்றத்தில் பேசலாம். பேசிப் பேசித்தான் படிப்பு. அழுங்கு அன்றே தன் வழக்கை எடுத்தது. யானை மன்றத்தை வளையின் வாசலுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஐப்பசி மேகம் மலையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

முதலில் ஊளைநாதர் பேசினார். பேசினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஊளையிட்டார். சீடர்கள் எல்லாம் பின்பாட்டுப் பாடின. யானை காதை அடித்துக்கொண்டு தவித்தது.

அடுத்து அழுங்கு பேசியது. யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

"கொஞ்சம் உரக்கப் பேசம்மா" என்று ஊளைநாதர் கண்ணடித்தார்.

யானை முன்னங்காலை மடித்து உட்கார்ந்தது. காதாட்டுவதை நிறுத்தியது. "எல்லோரும் வாயை மூடுங்கள். இந்த அம்மா சொல்வது எனக்குக் கேட்க வேண்டும்."

அந்த மன்றத்தில் முதல் முறையாக அமைதி உண்டாயிற்று. பழக்கமில்லாத காரணத்தால் இரண்டொரு நரிகளுக்கு விக்கல் எடுத்தது.

"இது நான் தோண்டிய வளை" என்றது அழுங்கு.

ஊளைநாதர் பாய்ந்தார். "எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி உனக்குச் சொந்தம்?"

"தெரியாது ஐயா."

"தோண்டியது என்ன கிழமை?"

"அதுவும் தெரியாது ஐயா."

நரிகள் உருண்டு புரண்டு சிரித்தன. "பார்த்தீர்களா நீதிபதி அவர்களே, ஆயத்த வகுப்பின் லட்சணத்தை? வாயைத் திறந்தால் தெரியாது. என்னைக் கேட்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரியாதது ஏதாவது உண்டா?" என்றார் ஊளைநாதர்.

உண்மையிலேயே அவர் பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. 'தெரியாது என்பவன் வக்கீலே இல்லை' என்பதுதான் அவர் பள்ளியின் பாலபாடம்.

"அப்படியானால் கேட்கிறேன் ஐயா. இந்த வளையைத் தோண்டியது நீங்கள்தானா?"

"நானேதான். இந்தக் கையால்தான்."

"உள்ளே மூலை முடுக்கெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

"கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன்."

"மலைப்பக்கம் திறக்கிறதே இன்னொரு வாசல், அதை எதற்காக வைத்தீர்கள்?"

ஊளைநாதர் வாசலை ஒட்டிப் படுத்துக் குறட்டை விட்டதோடு சரி. வளை உள்ளே எவ்வளவு தூரம் போகிறது என்று அவர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். அந்த வார்த்தை வாய்க்கு வந்தால்தானே?

"அதுவா? காற்றோட்டத்துக்கு" என்றார். நிறுத்தினாரா? அதுவும் இல்லை. "ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போவதெல்லாம் நான் அந்த வாசல் வழியாகத்தான்."

"ஆமாம், நாங்களும் பார்த்திருக்கிறோம்" என்று சீடர்கள் ஊளையிட்டன.

"ரொம்ப நல்லது. இந்த வழியாக உள்ளே போய் அந்த வழியாக வெளியே வந்து காட்டுங்கள். நான் வழக்கை விட்டுவிடுகிறேன்" என்றது அழுங்கு.

ஊளைநாதர் உள்ளே போனார். மன்றம் முழுவதும் மலைப்பக்கம் திரும்பி நின்றது. நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. யானை ஒரு மூங்கில் புதரைத் தின்று முடித்தது. வளைக்குள்ளிருந்து பரபரவென்று மண் பறிக்கும் சத்தம் கேட்டது.

"என்ன சத்தம் அது?" என்று யானை கேட்டது.

"வாசல் வைக்கிறார் போலிருக்கிறது" என்றது முயல்.

மலைப்பக்கமோ முழுக்கப் பாறை. கடைசியில், போன வழியாகவே ஒரு வால் வெளியே வந்தது. வாலைத் தொடர்ந்து ஊளைநாதர் வந்தார். மூக்கெல்லாம் மண், நகமெல்லாம் தேய்ந்திருந்தது.

"நீதிபதி அவர்களே, அந்த வாசல் இன்றைக்குச் சாத்தியிருக்கிறது" என்றார்.

"இந்த வளைக்கு ஒரே ஒரு வாசல்தான் ஐயா. தோண்டிய எனக்குத் தெரியும்" என்றது அழுங்கு.

"எனக்கும் இப்போது தெரிந்துவிட்டது. வளை அழுங்குடையது. இது தீர்ப்பு" என்றது யானை. கூச்சல் இல்லாமல் தீர்ப்புச் சொன்னது அதற்கே புதுசாக இருந்தது.

சடசடவென்று மழை பிடித்தது. அழுங்கு குட்டியை முதலில் உள்ளே விட்டது. ஊளைநாதரின் நாற்றம் பிடித்த சருகுகளை எல்லாம் வெளியே தள்ளியது. பிறகு அதுவும் உள்ளே போய், வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டது. குட்டி இருமாமல் தூங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே கிடந்த அழுங்குக்குச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

வெளியே நரிகள் நனைந்துகொண்டு நின்றன. "வாத்தியாரே, இந்த மழைக்கு ஒதுங்க இடம் எங்கே இருக்கிறது?" என்று ஒரு சின்ன நரி கேட்டது.

"எனக்குத் தெரியும், வாருங்கள்" என்று ஊளைநாதர் விறுவிறுவென்று நடந்தார். எல்லா நரிகளும் அவர் பின்னால் வரிசையாகப் போயின. மழை வலுத்தது.

நீதி: எந்த வழியாக வந்து படித்தாலும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் படிக்காதவன் படித்தவன் ஆகமாட்டான்.