சத்தமில்லாத கலர் கிச்சன்

சென்னியப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய குருவுக்கு நாற்பது. இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் ஈரோட்டில் உண்டு. சென்னியப்பன் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. விஷயம் தெரிந்தவர் முன்னால் கையைக் கட்டி நிற்பதற்கு வயது எதற்கு என்பார்.

குருவின் பெயர் ஜைனப். மின்சுமை ஏறிய நீண்ட இழை மூலக்கூறுகள் தண்ணீரில் கரைந்தால் எப்படி இருக்கும், அந்தத் தண்ணீர் எப்படி ஓடும் என்று வருஷக்கணக்காக ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். படித்ததை மூட்டை கட்டி வைக்காமல் ஊருக்கு வந்து ஒரு சோதனைக்கூடம் போட்டார். பெட்ஷீட்டில் பூ அச்சடிக்கும் பட்டறைக்காரர்கள் சாயத்தைக் கெட்டியாக்க ஒரு வெள்ளைப் பவுடரைக் கலப்பார்கள். அந்தப் பவுடரின் ஜாதகமே ஜைனப்பின் கையில் இருந்தது. சென்னியப்பன் சனிக்கிழமைதோறும் வந்து அவரிடம் பாடம் கேட்டார்.

அன்று அவர் வந்தது சனிக்கிழமை இல்லை. கையில் ஒரு வாளி சாயப் பேஸ்ட். முகத்தில் ஈயாடவில்லை.

அச்சடித்த பூக்களெல்லாம் ஓரம் கசிந்து பரவிவிட்டன. ரோஜா எது, இலை எது என்று தெரியவில்லை. ஒரு லாட் மொத்தமும் வீண். வாங்குகிறவர் பெரிய மனசு பண்ணி இன்னொரு தடவை பார்க்கலாம் என்றிருக்கிறார். அதுவும் சொதப்பினால் சென்னியப்பனின் பட்டறைக்குப் பூட்டுத்தான். பவுடரை இன்னும் இன்னும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. பேருக்குத்தான் கெட்டியாகிறது.

"பவுடர்தான் கெட்டுப்போச்சுங்களா மேடம்?"

"ஆளுங்க யாராச்சும் தப்பாக் கலந்திருப்பாங்களாண்ணா?"

"சேச்சே. இப்பத்தாங்க என் கலர் கிச்சன் உருப்படியா நடக்குது. ஒரு சத்தம் கிடையாது."

அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. சாயம் கலக்கும் அந்த அறையில் லோகநாயகி என்றொருத்தி இருந்தாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவள். முதலாளி சொன்னாலும் சரி, பக்கத்தில் நிற்பவன் சொன்னாலும் சரி, முதல் வார்த்தை "அது எப்படிங்க?" என்பதுதான். பாதி நேரம் அவள் சொல்வது தப்பாகவும் இருக்கும். அவள் வாயைத் திறந்தால் மற்றவர்களும் மல்லுக்கு வருவார்கள். அது சாயம் கலக்கும் இடமா சந்தைக்கடையா என்று தெரியாது. போன மாதம் சென்னியப்பன் அவளை நிறுத்திவிட்டார். நிறுத்தியபின் அவருக்கு அப்பாடா என்று இருந்தது, அதை ஒளிக்கவும் இல்லை.

ஜைனப் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். லோகநாயகியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு கண்ணாடிக் குவளையில் நல்ல தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகைப் பவுடரைப் போட்டுக் கலக்கினார். தண்ணீர் தயிர்போலக் கெட்டியானது. நடுவில் ஒரு மரக்குச்சியைக் குத்தினார். நட்ட கம்பம்போல நின்றது.

"இத்துனூண்டு பவுடர். எப்படித் தாங்குது?"

பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோலச் சென்னியப்பன் சொன்னார். "ஒவ்வொண்ணும் நீளமான இழைங்க. இழை நெடுக ஒரே மாதிரி மின்சுமை. அதனால ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டே இருக்கும்."

"தள்ளறதால?"

"சுருண்டு படுக்க முடியாதுங்க. விறைச்சு நீண்டு நிக்கும். அச்சுச் சல்லடை மேல ரப்பரால அழுத்தி இழுத்தா, இழுத்த பக்கம் ஓடும். விட்டா நின்னுக்கும். பூவோட ஓரம் கசியாது."

"சரியாச் சொன்னீங்க. இப்ப இதைப் போடுங்க."

ஜைனப் நீட்டியது ஒரு கரண்டி உப்பு. சென்னியப்பன் போட்டுக் கலக்கினார். கைக்கு இருந்த பாரம் கலக்கக் கலக்கக் குறைந்தது. குச்சி மெல்லச் சாய்ந்து குவளையின் ஓரத்தில் படுத்தது. உள்ளே இருந்தது தெளிவாக, வழவழவென்று, கஞ்சித்தண்ணி மாதிரி ஆகிவிட்டது.

"உப்பு என்ன பண்ணுச்சுண்ணா?"

"நடுவுல பூந்து தள்ளுமுள்ளை அடக்கிருச்சுங்க."

"அடங்கினதும்?"

"எல்லாம் சுருண்டு படுத்துக்கிச்சு." சென்னியப்பன் வாளியைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப என் பேஸ்ட்லயும் உப்பா? நாங்க சுத்திகரிச்ச தண்ணிதானுங்களே ஊத்தறோம்."

"இந்தப் பேஸ்ட் கலந்த அன்னைக்கும் அதையேதான் ஊத்தினீங்களா?"

யோசித்தார். அன்று காலையில் சுத்திகரித்த தண்ணீர்த் தொட்டி காலி. வாசலில் ஒரு நீல ட்ரம் நிறையத் தண்ணீர் இருந்தது. அவசரத்துக்கு அதை ஊற்றச் சொன்னார்கள். சொன்னது வேறு யாருமில்லை, அவரேதான். இதைச் சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. உடனே பட்டறைக்குப் போன் போட்டார். சாயம் கலக்கும் ரங்கநாதன் எடுத்தான்.

"ஏப்பா, அன்னைக்கு ஊத்தினோமே நீல ட்ரம், அது எங்க இருந்து வந்துது?"

"நம்ம சாயத்தொட்டிப் பக்கம் இருந்துங்க. துணிக்குச் சாயம் ஏத்த உப்புக் கரைக்கிற ட்ரம்முங்க அது."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"எல்லாருக்குமே தெரியுமுங்க."

"தெரிஞ்சும் ஏன்டா வாயைத் தொறக்கல?"

ரங்கநாதன் மரியாதையாகவே சொன்னான். "நீங்க ஊத்தச் சொன்னீங்க, ஊத்தினோமுங்க."

சென்னியப்பன் போனைச் சட்டைப்பையில் போட்டார். அவமானமாக இருந்தது. ஆனாலும் முப்பது வருஷம் பட்டறை நடத்திய மனுஷன், அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிடுவாரா? வந்த காரியத்தையே பிடித்துக்கொண்டார்.

"நடந்தது நடந்துபோச்சுங்க மேடம். இந்த உப்போடவே இதைப் பழையபடி நிக்க வைக்கணும். இன்னும் எவ்வளவு பவுடர் சேக்கட்டும்?"

ஜைனப் குவளையிலிருந்து குச்சியை எடுத்துத் துடைத்தார்.

"அந்தத் தண்ணிய ஊத்தும்போது கிச்சன்ல எத்தனை பேரு இருந்தாங்கண்ணா?"

"நாலு பேருங்க."

"அதே மாதிரி இன்னும் நாலு பேரைச் சேத்திருந்தா, ஒருத்தராச்சும் 'அது எப்படிங்க?'ன்னு கேட்டிருப்பாங்களா?"