தலைவர் வண்டிக்கு ஐந்து போல்ட்

காசிமேட்டில் மீன் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியை அவரவரே பழைய சாமான் சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் சக்கரத்தைப் பூட்டும் இடத்தில் நான்கு போல்ட் ஹப்பையே போட்டிருந்தார்கள். வண்டிக்காரர் சங்கத் தலைவர் துரைக்கண்ணு மட்டும், தலைவர் ஆயிற்றே என்று ஐந்து போல்ட் வைத்திருந்தார்.

ஒருநாள் நடுரோட்டில் அவர் டயர் வெடித்தது. யாருடைய ஸ்டெப்னியும் பொருந்தவில்லை. ஏற்றியிருந்த வஞ்சிரம் எல்லாம் வெயிலில் கெட்டுப்போனது.

கோபமாக அஞ்சலாட்சியின் வெல்டிங் பட்டறைக்கு வந்தார். பட்டறை இருந்தது சங்கத்து இடத்தில்.

"ஏம்மா, சாயங்காலத்துக்குள்ள எல்லா வண்டி ஹப்பும் ஒரே மாதிரி இருக்கணும். இல்லேன்னா இடத்தைக் காலி பண்ணு!"

அத்தனை வண்டியையும் எப்போது பிரிப்பது, எப்போது பூட்டுவது? அவளோ, "ஆகட்டும் தலைவரே, உங்க வண்டியை விட்டுட்டுப் போங்க" என்றாள். மாதிரிக்குக் கேட்கிறாள் என்று அவரும் விட்டுப் போனார்.

சாயங்காலம் வந்து பார்த்தால், அவர் சக்கரத்தில் நான்கே போல்ட்.

"என் வண்டியிலயா கை வெச்சே?"

"வேற மாதிரி இருந்தது அது ஒண்ணுதானே தலைவரே!"

கூடியிருந்த வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். தலைவர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"சரி, நாளைக்கு பஞ்சரானா எவன்டா எனக்கு ஸ்டெப்னி தருவான்?"

ஆளுக்கொரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள்.