தாம்பாளத்துல வந்த குப்பை

ஒரு ஊர்ல ஒரு இட்லிக்கடைக்காரி இருந்தா. பேரு மரகதம். ஊருன்னா, நேத்து படுக்கும்போது ஊரு, காலையில எழுந்து பார்த்தா நகரம். வீடு வந்துச்சு, மாடி வந்துச்சு, மாடி மேல மாடி வந்துச்சு. குப்பை வண்டி மட்டும் என்னிக்காவது ஒரு நாள்தான் வந்துச்சு. ம் சொல்லு, அப்பத்தான் கதை நகரும்.

வண்டி வர்ற வரைக்கும் குப்பையை வீட்டுல வெச்சிருக்க யாருக்குப் பொறுமை? வேலைக்குப் போற வழியில, பைக்கை நிறுத்தாமலே மரகதம் கடை வாசல்ல பையை வீசிட்டுப் போனாங்க. தொப்பு. தொப்பு. தொப்பு. ஈ ஙொய்ங்னு வந்து உட்கார்ந்துச்சு. சாப்பிட வந்தவங்க மூக்கைப் பொத்திக்கிட்டு திரும்பிப் போனாங்க. இப்படியே போனா கடையை மூட வேண்டியதுதான். அவளுக்கு அழுகையா வந்துச்சு.

முதல்ல, 'இங்கே குப்பை கொட்டாதீர்'னு போர்டு வெச்சா. ஓகோ, இங்கதான் கொட்டறாங்க போலன்னு புதுசா நாலு பேரு வந்தாங்க. தொப்பு.

அப்புறம் பிள்ளையார் படம் ஒட்டினா. செருப்பைக் கழட்டி, கன்னத்துல போட்டுக்கிட்டு, பிள்ளையார் மேல படாம குப்பைப் பையை ஓரமா வெச்சுட்டுப் போனாங்க. பக்திக்குக் குறைச்சல் இல்ல.

மூணாவதா... தூங்கிட்டியா? ம். மூணாவதா ஒரு பையைப் பிரிச்சா. உள்ள கொரியர் கவரு, அதுல பேரும் விலாசமும். எடுத்தா தாம்பாளத்தை. நடுவுல பையை வெச்சா, சுத்தி வெத்தலை பாக்கு வெச்சா, நேரா அந்த மாடி வீட்டுக்குப் போனா.

"சார், உங்க வீட்டுது. என் வாசல்ல மறந்துட்டீங்க."

தாம்பாளத்தை வேணாம்னு சொல்ல முடியுமா? ரெண்டு கையாலயும் வாங்கினாரு. வெறும் தட்டாத் திருப்பித் தரக் கூடாதே, ரெண்டு வாழைப்பழம் வெச்சுக் குடுத்தாரு. மறுநாள்லேர்ந்து வண்டி வர்ற வரைக்கும் அவரு பை அவரு வீட்டுலயே இருந்துச்சு.

இப்படியே வீடு வீடாப் போனா. கடைசியில ஒரே ஒரு பைதான் மிச்சம். பிரிச்சா, வாழை இலை. இலையில அவ அரைச்ச சட்னி. கடை இலையை எல்லாம் அவ தினம் அடுத்த தெரு முக்குல கொட்டுவா. அந்தத் தெருக்காரங்க அள்ளிட்டு வந்து இங்க போட்டிருக்காங்க.

மரகதத்துக்கு வெட்கமாப் போச்சு. அதையும் தாம்பாளத்துல வெச்சு, தன் வீட்டுக் கதவையே தட்டினா. டொக் டொக்.

வீட்டுக்காரரு சுருளி வந்து பார்த்தாரு. "யாரு வீட்டுது?"

"நம்ம வீட்டுதுதான்."

ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு. வெறும் தட்டாத் தரலாமான்னு ரெண்டு இட்லி வெச்சுக் குடுத்தாரு. அவ நின்னுக்கிட்டே தின்னுட்டு, கொல்லையில குழி வெட்டப் போனா. இலை குழியில உரமாச்சு. ஈ போச்சு, ஆளு வந்தாங்க, கடை நடந்துச்சு.

கதை தாம்பாளத்துல, தாம்பாளம் பரண் மேல. நீ தூங்கு. அதுக்கு முன்னாடி, கட்டிலுக்கு அடியில தள்ளிவிட்டியே வாழைப்பழத் தோலு, அதை எடுத்து வாளியில போட்டுட்டு வா. இல்லேன்னா காலையில வெத்தலை பாக்கோட வருவேன்.