நடுவில் வரும் மெதுவான பாட்டு

டெல்ஃபின் மாஸ்டருடைய எலெக்ட்ரிக் கிடாரைக் கேட்க வருகிறவர்கள் வேகத்தைக் கேட்கத்தான் வருவார்கள். மாஸ்டர் என்றாலும் பெண்தான். கிடார் சொல்லித்தருகிறவர் யாராக இருந்தாலும் திருச்சியில் மாஸ்டர்தான். வாசிக்க ஆரம்பித்தால் விரல் தெரியாது, சத்தம்தான் தெரியும்.

ஆனால் ஒவ்வொரு கச்சேரியிலும் நடுவில் மெதுவாக ஒரு பாட்டு வரும். பாட்டு என்று பேருக்குத்தான் சொல்வது. பாடுகிறவர் கிடையாது, வார்த்தை கிடையாது. கிடார் மட்டும். அதுவரை விசில் அடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்போது தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வீட்டுக்குப் போகும்போது வாய்க்குள் முனகிக்கொண்டு போவதும் அதைத்தான்.

அவரிடம் குலசேகரன் வந்து சேர்ந்தார். மாஸ்டருக்கு முப்பத்திரண்டு வயது. சீடருக்கு ஐம்பத்தைந்து. கல்யாண ரிசப்ஷன்களில் காலமெல்லாம் கிடார் வாசித்தவர். வேகம் அவருக்கும் இருந்தது.

"அந்த மெதுவான பாட்டு மட்டும் போதும் மாஸ்டர். ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்."

"ஞாயித்துக்கிழமை என்ன?"

"என் சம்சாரத்துக்கு நினைவுக் கூட்டம். அவகூட வேலை பார்த்த நர்ஸுங்க வைக்கிறாங்க. ரெண்டு வார்த்தை பேசுங்கன்னாங்க. எனக்கு அதெல்லாம் வராது. பேசலை, வாசிக்கிறேன்னு சொல்லிட்டேன்."

"ஏன் அந்தப் பாட்டு?"

"கிடார்ல அவளுக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான். உங்க கச்சேரியில கேட்டா. நான் வாசிச்சா மிக்ஸி ஓடுதுன்னு சொல்லுவா."

மாஸ்டர் நாற்காலியைத் தள்ளிப் போட்டார். "உட்காருங்க சார்."

புதன்கிழமைக்குள் ஒரு ஸ்வரம் பிசகாமல் வந்துவிட்டது. கம்பியை வளைத்து ஸ்வரத்தை மேலே இழுப்பதைக் கிடார்காரர்கள் பெண்டு என்பார்கள். அதுவும் சரியாக இருந்தது. "பெண்டு போட்டுப் போட்டு என் பெண்டு நிமிந்துடுச்சு மாஸ்டர்," என்று விரல் நுனியை ஊதிக்கொண்டார்.

வியாழக்கிழமை, பயிற்சிக்கு வந்த மற்றவர்களை உட்காரவைத்து குலசேகரன் வாசித்துக் காட்டினார். ஒருவர் கைதட்டினார். இன்னொருவர், "சவுண்டு அருமையா இருக்குண்ணே, என்ன ஆம்ப்ளிஃபையர்?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலால் மிதிக்கிற பெடலில் எக்கோவைக் கூட்டி, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். முடிந்ததும் அதே ஆள், "எக்கோ பெடல் புதுசாண்ணே?" என்றார்.

அவர்கள் போன பிறகு குலசேகரன் கிடாரை மடியைவிட்டு இறக்கவில்லை.

"நீங்க வாசிச்சா எவனும் பெடலைக் கேட்க மாட்டேங்குறான். அதே ஸ்வரம். அதே இழுப்பு. வார்த்தை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அப்புறம் எதை வச்சு மாஸ்டர் இந்த ஜனங்களைக் கலங்கடிக்கிறீங்க?"

மாஸ்டர் தன் கிடாரின் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு பண்றேன். வாசிக்கறதுக்கு முன்னாடி மைக்ல அவ பேரைச் சொல்லிடறேன். மங்கையர்க்கரசிக்காகன்னு. பேரைக் கேட்டாலாவது மனசு இளகும்ல?"

"சிரமமா இருந்தா விட்டுடுங்க. அந்த நர்ஸம்மாங்கள்ல யாராவது ஒரு பாட்டுப் பாடட்டும்."

"விடறதா இல்லை. நீங்க சொல்லித்தராம இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கறதாவும் இல்லை."

"எழுந்திரிங்க," என்றார் மாஸ்டர். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வருவோம்."

"கிடாரை எடுத்துக்கவா?"

"எதுக்கு?"

சாயங்காலம். முகூர்த்த நாள் வேறு. பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. தஞ்சாவூர் பஸ் நிற்கிற இடத்தில், சுவரை ஒட்டி இருவரும் நின்றார்கள்.

"உங்க சம்சாரத்தைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

"இங்கேயா?"

"சத்தமா."

குலசேகரன் முன்னும் பின்னும் பார்த்தார். யாரும் தன்னைக் கவனிக்கவில்லை என்று தெரிந்துகொண்டு, "மங்கையர்க்கரசி," என்றார்.

"எனக்கே கேட்கலை."

"மங்கையர்க்கரசி!"

கடலை விற்கிறவர் மட்டும் நிமிர்ந்தார். "அம்மாவைத் தவறவிட்டுட்டீங்களா சார்? ஆபீஸ்ல சொல்லுங்க, மைக்ல கூப்பிடுவாங்க." சொல்லிவிட்டு வறுக்கப் போய்விட்டார்.

குலசேகரனுக்குக் காது சூடாகிவிட்டது. "போதுமா மாஸ்டர்?"

"இப்ப நான் கூப்பிடறேன்," என்றார் மாஸ்டர்.

அவர் குரலை உயர்த்தவில்லை. கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, ஒரே தடவை கூப்பிட்டார்.

"என்னங்க..."

தஞ்சாவூர் பஸ்ஸில் ஒரு கால் வைத்திருந்தவர் அப்படியே திரும்பினார். தூண் மறைவில் இருந்தவர் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டுத் திரும்பினார். ஜன்னல் ஓரம் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கண்ணைத் திறந்தார். தோளில் பலாப்பழம் வைத்திருந்த ஒருவர், யார் என்றுகூடப் பார்க்கவில்லை, "வர்றேன்டி, கையில பழம் இருக்குல்ல" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். கிட்டே வந்து மாஸ்டரைப் பார்த்ததும், "அடச்சே, நம்மாளு இல்லையா," என்று திரும்பிப் போனார். கடலைக்காரர் கரண்டியை நிறுத்திவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

குலசேகரனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வந்த நாளிலிருந்து அவர் இப்படிச் சிரித்து மாஸ்டர் பார்த்ததில்லை.

சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு மாஸ்டர் கேட்டார்:

"நான் எந்தப் பக்கம் நிக்கிறேன் சார்?"

"எனக்கு இடது பக்கம்."

"நான்தான் கூப்பிடப் போறேன்னு உங்களுக்குத் தெரியும்."

"நீங்கதான் சொன்னீங்களே."

"அப்புறம் ஏன் வலது பக்கம் திரும்பிப் பார்த்தீங்க?"

குலசேகரன் வலது பக்கம் பார்த்தார். ஓரங்களில் காரை பெயர்ந்த சுவர்தான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தஞ்சாவூர் பஸ் கிளம்பிப் போனது. அந்த இடத்துக்கு இன்னொன்று வந்து நின்றது. ஏறுகிறவர்கள் அவரை இடித்துக்கொண்டு போனார்கள்.

"மைக்ல பேர் சொல்ல வேணாம்ல மாஸ்டர்?" என்றார், திரும்பாமலே.

மாஸ்டர் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை, அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டே வாசிங்க."