தூக்கம் சுமந்த பூச்சி

அந்தக் காலத்தில், பூச்சியும் கழுதையும் மனிதரோடு வாயாடிக்கொண்டிருந்த காலத்தில், தூக்கம் வீட்டை விட்டு வெளியேறாது. ஊருக்குப் புறப்படுகிறவர் கட்டுச்சோறு எடுத்துப் போகலாம். தூக்கம் மட்டும் அவரவர் பாயிலேயே சுருண்டு கிடக்கும். அதைச் சுமந்து செல்லும் வேலை மூட்டைப்பூச்சியுடையது. அப்போது அது குன்றிமணி போல உருண்டையாக இருந்தது. வெங்காயச் சருகு போல இரண்டு சிறகுகளும் இருந்தன. பயணியின் மூட்டைக்குள் ஏறிக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் வெளியே வந்து அவர் இமைமேல் சிறகை அசைக்கும். சொந்த அடுப்பின் புகை வாசனை எங்கிருந்தோ வந்து கவியும். கண் தானாக மூடும்.

இந்த வேலைக்குச் சூரியன் விதித்த சட்டம் ஒன்றே: விழித்திருப்பவரிடம் கேட்டு வாங்கு, உறங்குகிறவரைத் தொடாதே.

மாடத்தி கடற்கரையிலிருந்து மலையடிவாரத்துக்குக் கழுதைமேல் உப்பேற்றிப் போய் விற்பவள். அந்த முறை தன் கைக்குழந்தையை நாத்தனார் இசக்கியிடம் விட்டுப் போயிருந்தாள். இசக்கியும் பால் கொடுக்கிறவள்தான். அந்தியில் மாடத்தி ஓலைத்துண்டில் ஒரு சொட்டுப் பதனீர் வைப்பாள். பூச்சி குடித்துவிட்டுச் சிறகசைக்கும். அவள் கனவில் குழந்தை ஒரு சிறிய அலையைப் போல வந்து காலை நனைத்துவிட்டுத் திரும்பும்.

ஊர் திரும்பும் வழியில் ஒருநாள் பதனீர் புளித்துப்போனது. பூச்சி கேட்டிருந்தால் அவள் வேறு ஏதாவது கொடுத்திருப்பாள். அது கேட்கவில்லை. தூங்குகிறவள் மறுக்கமாட்டாள் என்று கண்டுகொண்டது. இந்தக் கண்டுபிடிப்பு பூச்சிகளோடு நின்றுவிடவில்லை என்பது வேறு கதை.

விடிந்ததும் மாடத்தி தன் கையைப் பார்த்தாள். தையல் போட்டாற்போல் வரிசையாகத் தடிப்புகள், விரிப்பில் துருநிறப் பொட்டுகள். என்ன இது என்று பூச்சியிடம் கேட்டாள். கொசுதான், இந்தப் பக்கத்துக் கொசு பொல்லாதது என்று அது கூசாமல் சொன்னது. அவளும் நம்பினாள். தூக்கம் தருகிறவனைச் சந்தேகிக்க யாருக்குத்தான் மனம் வரும்?

ஊர் எல்லையில் மூட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“தாயி, உன் பிள்ளைக்குத் தோலு ரொம்ப மெல்லிசா இருக்குமோ?”

மாடத்தியின் கால்கள் நின்றுவிட்டன. அவள் கழுதையைப் பார்த்தாள். கழுதை காதை ஆட்டியது.

“நான் காலமெல்லாம் உப்புச் சுமக்கேன். கேக்காம ஒரு கல்லு நக்கினதில்ல. உள்ள இருக்கிறவன் நேத்து உன்னையே நக்கிட்டான்.”

மாடத்தி வேலியோரம் நின்ற நொச்சியிடம் அனுமதி கேட்டு ஒரு கொத்து ஒடித்துக்கொண்டாள். வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே குழந்தை அவள் காலடி ஓசையைக் கேட்டு அழத் தொடங்கியது. பால் சுரந்து அவள் சேலை நனைந்தது. படி ஏறினால் போதும். அவள் ஏறவில்லை. முற்றத்துப் பாறையில் மூட்டையை இறக்கினாள். ஒவ்வொரு துணியாக உதறி வெயிலில் விரித்தாள். கட்டியிருந்த சேலையையும் மறைவில் மாற்றி, முற்றத்து அடுப்பில் காய்ச்சிய கொதிநீரை அதன்மேல் ஊற்றினாள்.

தெரு கூடிவிட்டது. பிள்ளை வீறிடுகிறது, இவள் துணி காயப்போடுகிறாள், இவளெல்லாம் பெற்றவளா என்றார்கள். பிள்ளையை ஒருநாளும் தூக்கியறியாத ஆண்கள்தான் அதை உரக்கச் சொன்னார்கள்.

இசக்கி குழந்தையோடு நிலைப்படிக்கு வந்தாள்.

“மதினி, இவனை ஒரு வாட்டி தொட்டுட்டாவது போயேன்.”

“தொடுவேன். இந்தப் பூச்சியைச் சுமந்துக்கிட்டுத் தொடமாட்டேன்.”

வெயில் ஏறியது. துணியின் மடிப்பில் பூச்சி துடித்தது. சூரியன் குனிந்து ஒன்றே ஒன்று கேட்டது: “கேட்டுக் குடித்தாயா?”

பூச்சியால் அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சிறகுகள் சுருண்டு பொடியாகி உதிர்ந்தன. ஒளிய இடம் தேடித் தையல் இடுக்கில் உடம்பைத் திணித்தது. திணித்த வேகத்தில் தட்டையாகிப்போனது. அங்கேயும் மாடத்தி நொச்சியைக் கசக்கி வைத்தாள். அந்த நெடி தாளாமல் வெளியே வந்து, பாறை வெடிப்பு ஒன்றில் விழுந்து மறைந்தது. இமைமேல் அசைக்க அதனிடம் சிறகில்லை. சுமந்துபோகத் தூக்கமும் இல்லை. பசி மட்டும் மிஞ்சியது.

உச்சி வெயில் தணிந்த பிறகுதான் மாடத்தி படியேறினாள். அழுது களைத்த குழந்தை அவள் மார்பில் வாய் வைத்து, குடித்தபடியே உறங்கியது. அதன் தோலில் ஒரு புள்ளி இல்லை. தெருவும் சத்தமில்லாமல் கலைந்து, அவரவர் மூட்டையை வெயிலில் பிரித்தது.

வெளியூர் போய்த் திரும்புகிறவர் மூட்டையை வாசலிலேயே இறக்கி, உதறி, வெயில் காட்டி, நொச்சி செருகி, பிறகே வீட்டுக்குள் எடுப்பது அன்று தொடங்கியதுதான். அன்று முதல்தான் மூட்டைப்பூச்சி வெளிச்சத்துக்கு முகம் காட்டாமல் இடுக்கில் கிடக்கிறது. அயலூர்ப் படுக்கையில் நாம் எவ்வளவு புரண்டாலும், நம் தூக்கம் நம் வீட்டுப் பாயிலேயே நமக்காகக் காத்துக் கிடக்கிறது.