மைனா கட்டிக் கொடுத்த வரி

காட்டாற்றின் வளைவில் ஓர் ஆமைத்துறை இருந்தது. நீந்தத் தெரியாத பிராணிகளை அங்கே பன்னிரண்டு பெரிய ஆமைகள் முதுகில் ஏற்றி அக்கரை சேர்த்தன. துறையை நடத்தியது வைரன் என்ற நீர்நாய்.

ஒருநாள் செம்பி என்ற ஆமை ஒரு மூஞ்சூறை ஏற்றிக்கொண்டு போனது. நடு ஆற்றில் மேலே ஒரு நிழல் விழுந்தது. "ஐயோ, பருந்து!" என்று செம்பி சட்டென்று தண்ணீருக்குள் முங்கிவிட்டது. ஆமைகளுக்கு அது பிறவிப் பழக்கம். முதுகில் ஓர் ஆள் இருப்பது அந்த நொடியில் மறந்தே போயிற்று. மூஞ்சூறு கழுத்தைப் பிடித்துத் தொங்கி எப்படியோ பிழைத்தது. வந்தது பருந்துகூட இல்லை, வெறும் மேகம்!

பிறகென்ன? காடு முழுக்க அதே பேச்சு. "ஆமை முதுகில ஏறாதீங்க! முக்கி எடுத்துடும்!" சவாரிக்கு ஒருவரும் வரவில்லை. ஆமைகள் கரையில் ஈ ஓட்டிக்கொண்டு கிடந்தன.

இப்படியே போனால் துறையை மூட வேண்டியதுதான். பன்னிரண்டு ஆமைகளும் ஆளுக்கொரு குட்டையாகப் பிரிந்து போக வேண்டும். குஞ்சிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவை அவை. அதை நினைத்து நினைத்துச் செம்பி இரவெல்லாம் தூங்கவில்லை. எல்லாம் தன்னால்தானே!

வைரன் காட்டில் பாட்டுக் கட்டும் மைனாவிடம் போய் ஒரு வரி கட்டி வாங்கி வந்தது.

"ஆமைத்துறை ஆனந்தத் துறை! ஆபத்து என்பதே அறியாத் துறை!"

"தினமும் ஆளுக்குப் பத்துப் பேர்கிட்ட இதைச் சொல்லணும். ஓர் எழுத்து மாறக் கூடாது!" என்றது வைரன்.

ஆமைகளும் சொல்லின, பாவம். முள்ளம்பன்றி ஒரே காலையில் நான்கு ஆமைகளிடம் அந்த வரியைக் கேட்டது. ஐந்தாவது ஆமையைக் கண்டதும் வளைக்குள் போய் ஒளிந்துகொண்டது. குரங்குகள் மரத்தில் இருந்தபடி, "பன்னிரண்டு வாய், ஒரே பேச்சு! நல்லா ஒப்பிக்குதுங்கப்பா!" என்று விழுந்து விழுந்து சிரித்தன.

அந்தச் சமயத்தில் வெண்ணி என்ற முயல் மூன்று குட்டிகளோடு துறைக்கு வந்தது. இக்கரையில் புல் காய்ந்துவிட்டது. குட்டிகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. அக்கரைக்குப் போயே ஆக வேண்டும். ஆனால் ஏறப் பயம்.

"அக்கா, அன்னைக்கு முங்கின ஆமை யாரு?" என்று வெண்ணி செம்பியிடமே கேட்டது.

செம்பி வாயைத் திறந்தது. மைனாவின் வரி வரவே இல்லை.

"நான்தாம்மா" என்றது.

கோரைப்புல்லுக்குப் பின்னால் நின்ற வைரன் தலையில் கை வைத்துக்கொண்டது. "கெட்டது குடி!"

செம்பி நிறுத்தவில்லை. "நிழலைப் பார்த்ததும் உடம்பு தானா முங்கிடுச்சு. அந்த மூஞ்சூறோட கத்தல் இன்னும் என் காதுல இருக்கு. அன்னையிலேர்ந்து தினமும் விடியக்காலையில வைரன் அண்ணன் தாமரை இலையை எங்க தலைக்கு மேல பிடிச்சு நிழல் காட்டுறாரு. நாங்க முங்காம நீந்திப் பழகுறோம். முதல் நாள் நான் பதினேழு தடவை முங்கினேன். அண்ணன் ஒரு சொல் திட்டலை. கை கடுக்க இலையைப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு."

"இப்போ பயம் போயிடுச்சா?"

"இல்லம்மா. பயமாத்தான் இருக்கு. ஆனா இப்போ பயந்தாலும் முங்குறதில்ல. கடைசியா முங்கி ஒரு மாசம் ஆச்சு."

வெண்ணி செம்பியின் முகத்தையே பார்த்தது. பிறகு குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அதன் முதுகில் வைத்துத் தானும் ஏறிக்கொண்டது.

வைரன் வெளியே வந்தது. அதற்குக் கண் கலங்கியிருந்தது. பழகுவதை வெளியில் சொன்னால் துறைக்கு அவமானம் என்று அல்லவா அது எண்ணியிருந்தது! மற்ற ஆமைகளிடம், "அந்த வரியை விட்டுடுங்கப்பா. உங்களுக்குத் தெரிஞ்சதை உங்க வாயால சொல்லுங்க. சொல்லப் பிடிக்கலைன்னா சும்மா இருங்க, அதுவும் சரிதான்" என்றது.

"அப்பாடா!" என்றது தட்டையன் என்ற ஆமை. "எனக்குப் பேச்சே வராதுண்ணே, நான் நீந்துறேன்!"

செம்பி மெல்ல மெல்ல நீந்தியது. கடைக்குட்டி அதன் ஓட்டை இறுகப் பிடித்திருந்தது. நடு ஆறு தாண்டியதும் பிடியைத் தளர்த்திவிட்டு அங்கேயே தூங்கிப் போயிற்று.

அக்கரையில் இறங்கிய வெண்ணி திரும்பிப் பார்த்துச் சொன்னது: "சாயங்காலம் திரும்புவோம். வேற யாரும் வேண்டாம், நீயே வா அக்கா!"

உழைப்பவர்கள் தம் இடத்தைப் பற்றி உள்ளதை உள்ளபடி தம் வாயால் சொல்லும் ஒரு பேச்சு, எழுதிக் கொடுத்து ஒப்பிக்கச் சொன்ன நூறு புகழ்ச்சிகளைவிட அதிக நம்பிக்கையைத் தரும்.