தூதருக்கு ஆறு வடை

தூத்துக்குடியையும் ஓர் ஆப்பிரிக்க நாட்டையும் ஒரு காலத்தில் போர்ச்சுகீசியர் ஆண்டார்கள். போகும்போது இரண்டு இடத்திலும் தேவாலயங்களையும் முந்திரி மரங்களையும் சில சொற்களையும் விட்டுப் போனார்கள். அந்தப் பழைய உறவைச் சொல்லி முந்திரி ஒப்பந்தம் போட, அந்த நாட்டின் வர்த்தகத் தூதர் தூத்துக்குடி வணிகர் சங்கம் ஒன்றுக்கு வந்தார்.

"மொழிபெயர்ப்பாளர் எதுக்கு? போர்ச்சுகீஸ் எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்றார் செயலாளர் அம்பலவாணர். அலுவலகம் கூட்டும் ஜெசிந்தாளிடம், "நீ வாயைத் திறந்தா வேலை போயிடும்" என்றார்.

தூதர் உட்கார்ந்ததும் மின்சாரம் போனது. திருட்டுக்குப் பயந்து செயலாளர் ஜன்னலுக்கும் பூட்டுப் போட்டிருந்தார். கோட்டுக்குள் வியர்த்த தூதர், "ஜனேலா" என்றார்.

அம்பலவாணர் அகராதியைப் புரட்டினார். "பசிக்குதாம். வடை கொண்டு வா."

"ஜனேலா, ஜனேலா."

"இன்னும் ரெண்டு வேணுமாம்."

ஆறாவது வடை வந்தபோது தூதர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "ஷாவி!" என்று கத்தினார்.

"சட்னி கேக்கிறார்" என்றார் அம்பலவாணர்.

ஒப்பந்தம் வாசலைத் தாண்டப் போனது. ஜெசிந்தாள் பேசாமல் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, பூட்டைத் திறந்து, ஜன்னலை அகலத் தள்ளினாள். கடல் காற்று உள்ளே வந்தது. தூதர் அவளைக் கும்பிட்டு, உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டார்.

அவர் போனதும் அம்பலவாணர் உறுமினார். "திறக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"வாயைத்தானே சொன்னீங்க ஐயா. நான் ஜன்னலைத்தானே திறந்தேன்."

"உனக்கு எப்படிப் போர்ச்சுகீஸ் தெரியும்?"

"எனக்கு எங்கேய்யா தெரியும்? அவருதான் தமிழ் பேசினாரு. கொஞ்சம் கொச்சையாத்தான் பேசினாரு, பாவம்."